பன்னிரண்டு மணிக்குக் கதவு சாத்தும் ஊர்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பிரான்ஸின் க்ரூஸ் மாவட்டத்தில், லா சூத்தரேன் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சின்னக் கிராமத்தில் நான் குடியிருந்த 14 வருடங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் எனக்கு வேலை. இப்போது வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் ஓய்வு. பாரிஸையும் அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலையும் பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். வந்த கடிதங்கள் எல்லாம் மாட்டையும் விறகையும் பற்றியே கேட்கின்றன. சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

மகளுக்குப் பிரான்ஸ் மாப்பிள்ளை சரிவந்திருக்கிறது. பையன் பாரிஸில் இல்லை, கிராமத்தில் வேலை. பிள்ளை போனவுடன் முதலில் எதில் தடுமாறுவாள்?
வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பசியில்தான். கேலி இல்லை. கிராமத்துச் சிறு கடைகள், பாமசி, தபாற்கந்தோர் எல்லாம் மத்தியானம் 12 மணிக்குப் பூட்டினால் பெரும்பாலும் 2 மணிக்குத்தான் திறக்கும். ஞாயிறு பின்னேரம் ஊரே படுத்துவிடும். திங்கட்கிழமை பல இடங்களில் பேக்கரிக்கும் லீவு. பெரிய சுப்பர்மார்க்கெட் மத்தியானமும் திறந்திருக்கும்தான், ஆனால் அது இருப்பது 15 கிலோமீற்றருக்கு அப்பால்.

போன முதல் கிழமை, 12 மணி 10 நிமிடம். பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்ப் பலசரக்குக் கடைக்கு நடந்து போனேன். கதவு பூட்டு. கடைக்காரம்மா உள்ளே மேசையில் இருந்து சூப் குடிப்பது கண்ணாடிக்குள்ளால் தெரிகிறது. நான் கை காட்டினேன். அவரும் சிரித்துக் கை காட்டினார். மற்றக் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. 2 மணி வரை தேவாலயப் படியில் குந்தியிருந்தேன்.

கதவு திறந்தது. கொழும்புப் பழக்கத்தில் உள்ளே ஏறும்போதே "பாண் ஒன்று" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து "போன்ஜூர், மடாம்" என்றார். நான் திரும்பவும் "பாண்" என்றேன். அவர் திரும்பவும் "போன்ஜூர்". எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறாரோ என்று குரலை உயர்த்தினேன். வரிசையில் பின்னால் நின்ற கிழவர்தான் என் தோளைத் தட்டி, முதலில் வணக்கம், பிறகு சாமான் என்று கையால் விளக்கினார். மகளுக்கு வேறு ஒன்றும் சொல்லிக் கொடுக்காவிட்டாலும் இதைச் சொல்லிக் கொடுங்கள். கடை, பஸ், டொக்டரின் காத்திருக்கும் அறை, எங்கே நுழைந்தாலும் முதல் வார்த்தை போன்ஜூர். அதே ஆளை அன்றைக்கே இன்னொரு தடவை கண்டால் மறுபடி போன்ஜூர் சொன்னால், காலையில் கண்டதை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தமாகிவிடும். அதற்கு "ரபோன்ஜூர்" என்று ஒரு ஒட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் சொன்ன "பாண்" அந்த அம்மாவுக்கு நன்றாகவே விளங்கியிருந்தது என்பதுதான் வேடிக்கை. நம்முடைய பாண் போர்த்துக்கேயர் விட்டுப் போன சொல். பிரெஞ்சுக்காரர் மூக்கால் "பேன்" என்பதும் அதுவும் ஒரே லத்தீன் பாட்டியின் பேத்திகள். குசினியும் அப்படித்தான், அங்கே "குயிசீன்". ஆக மகள் இரண்டு சொல்லோடு விமானம் ஏறலாம். மிச்சத்துக்கு பார்ன்ஸ் பிளேஸில் அலியான்ஸ் பிரான்ஸேஸ் இருக்கிறது. கலியாண நாள் குறிக்க முன்னமே வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

பேக்கரி இல்லாத கிராமங்களுக்குப் பாண் வான் வரும். இங்கே சூன் பாண் ஓட்டோ பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிறதே, அங்கே ஹோர்ன் மட்டும்தான். வேலைக்குப் போகிறவர்கள் படலையில் துணிப்பை ஒன்றைக் கட்டி உள்ளே காசு வைத்துவிடுவார்கள். பேக்கரிக்காரர் காசை எடுத்துக்கொண்டு பாணை வைத்துவிட்டுப் போவார். நானும் கட்டினேன். பக்கத்துக் காணிக் கழுதை வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டி, பையோடு சேர்த்துப் பாதிப் பாணைத் தின்றுவிட்டது. 2022 நவம்பரில் யுனெஸ்கோ பிரெஞ்சு பகெத் பாண் செய்யும் கலையை உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த செய்தியை ரீவியில் பார்த்தபோது எனக்கு அந்தக் கழுதையின் நினைவுதான் வந்தது.

அங்கே கிராமத்தில் ஒரு பிரச்சினை என்றால் யாரிடம் போவது? கிராம சேவகர் போல யாராவது உண்டா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், தெஹிவளை

போன புதிதில் என் வீட்டுக்காரர், இவர், ஒருநாள் காலை, "மேரிக்குப் போய்விட்டு வாறன், பின்னேரமும் ஒருக்கால் போகவேணும்" என்றார். எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. யார் அந்த மேரி? ஒரு நாளில் இரண்டு தரம் போய்ப் பார்க்கும் அளவுக்கு?

மேரி என்பது ஊர்ச்சபைக் கட்டடம். மேயரின் கந்தோர். பாரிஸ் தமிழர் எல்லோர் வாயிலும் அது "மேரி"தான். நம் நாட்டில் மாநகர, நகர, பிரதேச சபை எல்லாம் சேர்த்து 340 அளவில் இருக்கும். பிரான்ஸில் ஊர்ச்சபைகள் ஏறத்தாழ 35,000. எங்கள் ஊரில் சனம் முந்நூறு, அதற்கும் ஒரு மேயர். அவர் கமக்காரர். மேரி கிழமையில் இரண்டு அரை நாள் திறக்கும். மற்ற நேரத்தில் அவரைப் பிடிக்க வேண்டுமானால் மாட்டுக் கொட்டிலுக்குப் போக வேண்டும். கலியாணப் பதிவும் அவர்தான், மூவர்ணப் பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நடத்துவார். சட்டப்படி அங்கே முதலில் மேரியில் கலியாணம், பிறகுதான் கோயிலோ தேவாலயமோ. குப்பை எடுக்கவில்லை, தெரு லைட் எரியவில்லை, பக்கத்து வீட்டு மரம் என் கூரையில் சாய்கிறது, எல்லாமே அவர் தலையில்தான். பாவம் மனிதர்.

பனிக்காலத்தில் விறகு அடுப்பில்தான் வீட்டைச் சூடாக்குவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது சிக்கனமா? ஆபத்து இல்லையா?
பொறியியலாளர் ஒருவர், பம்பலப்பிட்டி

சிக்கனம்தான், விறகை அளக்கத் தெரிந்தால்.

அங்கே விறகின் அளவு "ஸ்தேர்". ஒரு மீற்றர் நீளக் கட்டைகளை ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரத்துக்கு அடுக்கினால் ஒரு ஸ்தேர். முதல் வருடம் 6 ஸ்தேர் ஓக் விறகு சொல்லி அனுப்பினோம். ட்ராக்டரில் வந்து கொட்டிவிட்டுப் போனார்கள். நான் இரண்டு நாள் முதுகு முறிய அடுக்கி, சட்டை தைக்கும் அளவு நாடாவை எடுத்து அளந்து பார்த்தேன். நாலு கன மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. ஏமாற்றிப் போட்டான் என்று தொலைபேசி எடுத்துக் கத்தினேன். என் பிரெஞ்சில் கத்துவது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். விறகுக்காரர் பொறுமையாக வந்து காட்டினார். ஒரு மீற்றர் கட்டையை மூன்றாக வெட்டினால் இடைவெளிகள் குறைந்து நெருக்கமாக அடங்கும். அதனால் 33 சென்ரிமீற்றர் துண்டுகளாக வரும் ஒரு ஸ்தேர், அடுக்கிப் பார்த்தால் 0.7 கன மீற்றர் அளவில்தான் நிற்கும். ஆறைப் பெருக்கிப் பாருங்கள், நீங்கள் பொறியியலாளர்தானே. போகும்போது ஓக் குறைந்தது இரண்டு வருடமாவது காய வேண்டும், ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டைவிடப் புகைதான் வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய் கொடுத்தது நினைவிருக்கிறது.

ஆபத்து என்றால் சாம்பலைச் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்குச் சாம்பல் என்றால் பாத்திரம் தேய்க்கிற சாமான். ஆறின பொருள் என்றே மனதில் பதிந்திருக்கிறது. ஒரு ஜனவரி மாதம், முதல்நாள் இரவு எரிந்த அடுப்பைக் காலை ஒன்பது மணிக்குச் சுரண்டினேன். மேலே வெள்ளைச் சாம்பல், கையை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடு. அள்ளிப் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாம்பலுக்கு அடியில் கடலைக்கொட்டை அளவு தணல் ஒன்று கிடந்தாலும் ஒரு நாள், இரண்டு நாள் உயிரோடு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பின்னேரம் வந்து பார்த்தால் தொட்டி இல்லை. அது நின்ற இடத்தில் இரண்டு சில்லும், அப்பம் சுட்டுப் பிழைத்தது போல ஒரு பச்சை வட்டமும் இருந்தன. மேலே யன்னல் பலகை கறுத்துக் கிடந்தது. வேலியால் புகையைக் கண்ட பக்கத்து வீட்டுக் கிழவர் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து அணைத்திருந்தார். அவர் அன்று மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தால் இந்தப் பதிலை எழுத எனக்கு ஒரு வீட்டுக் கதை இருந்திருக்காது.

ஆகவே மூடியுள்ள தகர வாளி. அதுவும் வெளியே, சீமெந்துத் தரையில். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தோட்டத்துக்கு. புகைபோக்கியை வருடத்திற்கு ஒரு முறையாவது ஆள் வைத்துத் துடைத்து, அதற்கான சான்றுத் துண்டை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். வீடு எரிந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

அங்கே கிராமத்துத் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். வருடக் கடைசியில் வீடு வீடாகக் கலண்டர் கொண்டு வருவார்கள், நாம் விரும்பிய காசு கொடுக்கலாம். அந்த வருடம் வந்த பையன் கலண்டரை நீட்டிக்கொண்டே, "புதுத் தொட்டி எப்படி இருக்கு, மடாம்?" என்று கேட்டான். தொட்டி உருகியது ஜனவரியில், அவன் கேட்டது டிசம்பரில். ஊர் ஒன்றையும் மறப்பதில்லை.

கரண்ட் கட் உண்டா?
கல்லூரி மாணவி, வெள்ளவத்தை

புயலுக்கு மரம் விழுந்தால் உண்டு. மற்றபடி நாங்களேதான் கட் பண்ணிக்கொள்வோம். பல சின்ன வீடுகளுக்கு 6 கேவிஏ இணைப்புத்தான். ஒரு நேரத்தில் அதற்கு மேல் இழுத்தால் மெயின் விழுந்துவிடும். 2022 இல் இங்கே நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில் தங்கச்சி போன் பண்ணி அழுவாள். ஒருநாள் ஆறுதல் சொல்லிக்கொண்டே றைஸ் குக்கரைப் போட்டேன். ஓவனும் ஹீட்டரும் உடுப்புத் தோய்க்கும் மெஷினும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. டப். "அங்கேயுமா அக்கா?" என்றாள், கொஞ்சம் சந்தோஷமாக.

சேவல் கூவியதற்காகப் பிரான்ஸில் நீதிமன்ற வழக்கு நடந்ததாக என் பேரன் சொல்கிறான். உண்மையா, இல்லை இணையத்துக் கதையா?
வாசகர், வத்தளை

பேரன் சொன்னது உண்மை. மொறிஸ் என்பது சேவலின் பெயர். இடம் அத்திலாந்திக் கரையோரம் ஒலெரோன் தீவு. விடுமுறைக்கு வந்து தங்கும் அயலவர்கள் காலைத் தூக்கம் போகிறது என்று வழக்குப் போட்டார்கள். 2019 செப்டெம்பரில் ரோஷ்போர் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்களே 1,000 யூரோ நட்டஈடு கட்ட வேண்டி வந்தது. அதோடு நிற்கவில்லை. 2021 ஜனவரி 29 அன்று நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் மரபுச் சொத்தாகக் கொள்ளும் சட்டமே வந்துவிட்டது. சேவல், தேவாலய மணி, மாட்டுக் கழுத்து மணி, சாணி நாற்றம் எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்பு. மொறிஸ் அதற்கு முன்பே, 2020 இல், செத்துப் போனது.

புல்வெட்டும் மெஷினுக்கு இந்தச் சலுகை கிடையாது. பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 12 வரைதான் அதை ஓட்டலாம். இவர் ஒரு ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினார். ஐந்து நிமிடத்தில் தெருவில் மூன்று யன்னல் திறந்தது. ஒருவரும் வாய் திறந்து ஏசவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் மெஷினை நிற்பாட்டிவிட்டு, பழுது பார்ப்பது போல அரை மணி நேரம் அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

சத்தம் என்றதும் இன்னொன்று. எங்கள் ஊர் மணிக்கூண்டு ஒவ்வொரு மணியையும் இரண்டு தரம் அடிக்கும். ஏழு அடித்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஏழு. வயலில் நிற்கிறவன் முதல் தரம் எண்ணத் தவறினால் இரண்டாம் தரம் எண்ணிக்கொள்ளட்டும் என்றார்கள். அது பழகிவிட்டது. பழக நாளெடுத்தது சைரன்தான். ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மத்தியானம், பிரான்ஸ் முழுவதும் அபாயச் சங்கைப் பரீட்சித்துப் பார்ப்பார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. 2007 உலகக் கிண்ண இறுதியாட்டத்து இரவில், மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானம் வருகிறது என்று கொழும்பு முழுக்க லைட் அணைந்ததே, அந்த இரவை வெள்ளவத்தையில் கழித்துவிட்டுப் போனவள் நான். முதியோர் இல்லக் குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. கத்தியோடு மேசைக்குக் கீழே போய்விட்டேன். தலைமைச் சமையற்காரி குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அவரும் கீழே வந்து என் பக்கத்தில் தரையில் இருந்தார். சங்கு நின்ற பிறகு, "புதன்" என்றார். அவ்வளவுதான். பிறகு எல்லா முதல் புதனும் 12 மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்.

கருவாடு பொரிக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார்கள்?
வாசகி, மட்டக்குளி

இதற்குத்தான் காத்திருந்தேன்.

பொரித்தேன். பனிக்காலம், யன்னல் எல்லாம் பூட்டு, வெளியே மைனஸ் மூன்று. புகையைப் போக்க வேறு வழியில்லாமல் பின்கதவைக் கொஞ்சம் நீக்கி வைத்தேன். பத்து நிமிடத்தில் கதவில் தட்டு. தொட்டியை அணைத்த அதே கிழவர். கையில் டோர்ச், காலில் றப்பர் சப்பாத்து, முகத்தில் கவலை. "மடாம், உங்கள் குழி உடைந்துவிட்டது" என்றார்.

குழி என்றால் மலக்குழி. கிராமங்களில் பொதுக் கழிவுக்குழாய் இல்லாத வீடு நிறைய. ஒவ்வொரு வீட்டுக்கும் செப்டிக் டாங்க். அதைச் சோதிக்க உள்ளூராட்சியில் தனிப் பிரிவே இருக்கிறது, பத்து வருடத்துக்கு ஒரு தரமாவது வந்து பார்ப்பார்கள். அடியில் தங்கும் மண்டி தொட்டியின் பாதியை எட்டுவதற்குள் பவுசர் கூப்பிட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். புளீச்சிங், எண்ணெய், ஈரத் துடைப்பான் எதையும் உள்ளே விடக்கூடாது. நாங்கள் அந்த வருடம் கூப்பிடாமல் தள்ளிப் போட்டிருந்தோம். அதனால் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது! இருட்டில், பனியில், இரண்டு பேருமாக அலவாங்கு போட்டு மூடியைக் கிளப்பினோம். குழி ஒழுங்காக இருந்தது. கிழவர் மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்துகொண்டே குசினிப் பக்கம் நடந்தார். தாச்சியைக் கண்டார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நீண்ட நேரம் சப்பிவிட்டு, அவெய்ரோன் பக்கம் நோர்வேயில் காயவைத்த மீனைச் சமைப்பார்கள், அதன் தங்கச்சிபோல இருக்கிறது என்றார். குளிர்சாதனப் பெட்டியில் எபுவாஸ் சீஸ் வைத்திருக்கிற மனிதர் அவர். அது கருவாட்டுக்கு அண்ணன்.

அன்றிரவு சோறு சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்ன கதைக்குப் பிறகு எனக்கு அந்த ஊர் அந்நிய ஊராக இல்லை. க்ரூஸ் ஆண்கள் ஒரு காலத்தில் மேசன்மார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்ச் வந்தால் கூட்டங்கூட்டமாகப் பாரிஸுக்கு நடந்தே போவார்கள். கட்டட வேலை செய்து காசு சேர்த்து, பனிக்காலத்துக்குத் திரும்புவார்கள். வீட்டையும் வயலையும் பெண்கள் பார்த்தார்கள். மார்த்தன் நாதோ என்று ஒருவர், 1830 இல், 14 வயதில் தகப்பனோடு நடந்து போய் மேசனாகி, பின்னால் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். ரயில் வந்த பிறகு போனவர்கள் அங்கேயே தங்கத் தொடங்கினார்கள். 1851 இல் க்ரூஸில் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் சனம் இருந்தது. இப்போது 1 லட்சத்து 15 ஆயிரம் அளவில்தான். வெளிநாட்டுக் காசில் கட்டி, பூட்டிக் கிடக்கிற வீடுகளை நான் யாழ்ப்பாணத்தில் கண்டிருக்கிறேன். கிழவரின் கொப்பாட்டனும் பாரிஸில் ஒரு அறைக்குள் பத்துப் பேரோடு படுத்து உழைத்தவராம். என் வீட்டுக்காரர் 2008 இல் பாரிஸ் புறநகர் லாக்கூர்நெவ்வில் படுத்ததும் அப்படித்தான்.

காட்டுக்குள் போய் வரலாமா? மிருகங்கள் உண்டா?
வாசகர், கொள்ளுப்பிட்டி

காட்டுப்பன்றி, மான். பன்றி ஓர் இரவில் புல்தரையை உழுத வயல்போல ஆக்கிவிடும். அதைவிடப் பயப்பட வேண்டியது வேட்டைக்காரருக்கு. செப்டெம்பர் முதல் பெப்ரவரி முடிவு வரை அவர்கள் காலம். செம்மஞ்சள் மேற்சட்டை இல்லாமல் காட்டுப்பக்கம் போகாதீர்கள். நான் மண்ணிறக் கோட்டுடன் கரட் இலை நிறச் சால்வை போட்டுப் போய், ஒருவர் விசில் அடித்து என்னைத் திருப்பி அனுப்பினார்.

காளான் பொறுக்கினால் சட்டிக்கு முன் பாமசிக்குக் கொண்டு போங்கள். பிரெஞ்சு மருந்தாளருக்குப் படிப்பிலேயே காளான் பாடம் உண்டு, காசு வாங்காமல் பார்த்துச் சொல்வார்கள். ஒருமுறை நான் பெருமையோடு ஒரு கூடை கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைவாளியில் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டைத் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்தால் உண்ணி கடித்திருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். அதைக் கழற்றச் சின்னக் கொக்கி ஒன்றை அதே பாமசியில் விற்கிறார்கள். அதையும் வாங்கி வையுங்கள்.

கூரைக்குள் ஓடுவதும் இருக்கிறது. கொழும்பில் சீலிங்குக்கு மேலே மரநாய் கூத்தாடுமே, அங்கே "ஃபுயீன்" என்று அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்போல ஒன்று. காருக்குள் புகுந்து வயர் கடிப்பது அதன் பொழுதுபோக்கு.

நான் இங்கே 20 வருடம் கார் ஓட்டியவன். அங்கே ஓட்டுவது கஷ்டமா?
வாசகர், தெமட்டகொட

வலப்பக்கம் ஓடுவது இரண்டு நாளில் வந்துவிடும். வராதது "வலதுக்கு முன்னுரிமை". அறிவிப்புப் பலகை வேறு சொல்லாவிட்டால், வலது பக்கச் சந்திலிருந்து வருபவனுக்கு வழி விட வேண்டும், நீங்கள் பெரிய தெருவில் வந்தாலும். கோழி மட்டும் நடக்கும் ஒழுங்கை என்று நினைத்து நான் போனேன். ஒழுங்கையிலிருந்து ஒரு கமக்காரரின் வான் வந்தது. என் கதவு உள்ளே போய்விட்டது.

கொழும்பு என்றால் இந்நேரம் இருபது பேர் கூடி, யார் பிழை என்று தீர்ப்பும் வந்திருக்கும். அவர் இறங்கி, போன்ஜூர் சொல்லி, முன்பெட்டியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து நிரப்பும் விபத்துப் படிவம் அது. நடந்தது என்ன என்று 17 கட்டங்கள், பொருந்துவதற்குப் புள்ளடி. நடுவில் படம் கீற இடம். இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி, ஐந்து வேலை நாளுக்குள் இன்சூரன்ஸுக்கு அனுப்ப வேண்டும். நான் படம் கீறினேன். கை நடுங்கியதில் என் கார் பூசணிக்காய்போல வந்தது. அவர் பார்த்துவிட்டு, தன் வானை நேராகக் கீறி, பக்கத்தில் ஒரு கோழியையும் கீறினார். அது சாட்சியாம்.

ஊரின் பெயர்ப்பலகை வந்தால் 50, பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு வந்தால் ஊர் முடிந்தது. 2018 ஜூலையில் ஊர்களுக்கு வெளியே சாதாரண இருவழித் தெருக்களை 80 ஆக்கினார்கள், சில மாவட்டங்கள் பிறகு சில தெருக்களை 90க்குத் திருப்பின. பலகையைப் பார்த்து ஓடுங்கள். பலகை தலைகீழாக இருந்தால் பயப்படாதீர்கள். 2023 கடைசியில் கமக்காரர்கள் எல்லாம் தலைகீழாகப் போகிறது என்று காட்ட நாடு முழுக்க ஊர்ப் பலகைகளைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். இரவு வேலை முடிந்து வந்த நான் என் ஊரைத் தாண்டிப் போய், இரண்டு கிலோமீற்றர் கழித்துத்தான் திரும்பினேன்.

தனிமையாக இருக்காதா?
பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, கொழும்பு

இருக்கும். நவம்பரில் மிகவும் இருக்கும், ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஓகஸ்ட் கடைசியில் ரயில் எடுத்து மூன்று மணி நேரம் பாரிஸுக்குப் போய், லாச்சப்பலில் பிள்ளையார் தேர் பார்த்து, தெருவில் தேங்காய் உடைப்பதைப் பார்த்து அழுதுவிட்டு வருவோம். உங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

போகும் பிள்ளைக்கு இங்கிருந்து என்ன கட்டிக் கொடுக்கலாம்? தேங்காய்த் திருவலை கொண்டு போக விடுவார்களா?
கொட்டாஞ்சேனை வாசகியேதான், இரண்டாம் கடிதத்தில்

திருவலையைப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம், பல்லைப் பார்த்தால் பறித்துவிடுவார்கள். இறைச்சி, பால், நெய் எதுவும் ஐரோப்பாவுக்குள் பயணிகள் கொண்டு போக முடியாது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், காயவைத்துத் தூளாக்கிக் கொடுங்கள். தேங்காய்க்குச் சான்றிதழ் தேவையில்லை. மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி, கருவாடும் அதில் அடக்கம்.

20 கிலோ கட்டிவிடாதீர்கள் அம்மா. ஒரு கிலோ போதும். அதோடு மருமகனிடம் மலக்குழியைக் கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.